கம்ப்யூட்டர் உருட்டும் தாயம்

தாயக்கட்டையில் அடுத்து என்ன விழும்னு யாராலும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண்ணைச் சொல்லிவிடலாம்! ஏன்னா அது உருட்டுவதில்லை, கணக்குப் போடுகிறது.

நான் நோட்டில் போட்டுப் பார்த்தது இது: ஓர் எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடி அதே கணக்கு. 7-இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5... தாறுமாறாத்தான் தெரியும். ஆனால் 16-ஆவது தடவை திரும்பவும் 7 வரும். அப்புறம் அதே வரிசைதான்! இதுதான் போலி ரேண்டம். தொடங்கும் எண்ணுக்கு 'விதை' என்று பெயர். விதை தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

விளையாட்டுக்கு இது போதும். ரகசியச் சாவிக்கு, யாரும் ஊகிக்க முடியாத விதை வேண்டும். டெபியன் லினக்ஸில் 2006-இல் ஓரிரு நிரல் வரிகளை நீக்கியதால், விதையாக வர அதிகபட்சம் 32,768 எண்களே மிஞ்சின. அத்தனையையும் கம்ப்யூட்டரே சீக்கிரம் போட்டுப் பார்த்துவிடுமே! 2008-இல் இது வெளியானதும், அதில் உருவான சாவிகளை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

உண்மையான ரேண்டம் இயற்கையிடம் இருக்கிறது. ஒரு கதிரியக்க அணு எந்த நொடியில் சிதையும் என்பதற்குச் சூத்திரமே கிடையாது.

உங்களுக்கு ஒரு வேலை: மேலே உள்ள கணக்கில் 5-க்குப் பதில் 6-ஆல் பெருக்குங்கள். வரிசை எந்த எண்ணில் மாட்டிக்கொள்கிறது? கண்டுபிடித்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்!