உணவுப் பொட்டலத்தில் தேதி: முக்கியக் குறிப்புகள்

● உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம்: 2006. ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) அமைந்தது: 2008. சட்டம் நடைமுறைக்கு வந்தது: 5 ஆகஸ்ட் 2011. தேர்வில் இந்த மூன்று ஆண்டுகளையும் மாற்றிப் போட்டுக் குழப்புவார்கள். நீங்கிய பழைய சட்டம்: உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம், 1954. ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நுகர்வோர் விவகாரத் துறை என்று டிக் அடித்துவிடாதீர்கள்.

● இப்போது செல்லுபடியாவது 2020ஆம் ஆண்டின் லேபிளிங் ஒழுங்குமுறைகள். தயாரித்த (அல்லது பேக் செய்த) தேதியும் காலாவதித் தேதியும் கட்டாயம். ‘எக்ஸ்பைரி’, ‘யூஸ் பை’ இரண்டும் ஒன்றே. ‘பெஸ்ட் பிஃபோர்’ விருப்பப்பட்டால் கூடுதலாகப் போடலாம். 2011 ஒழுங்குமுறைகளை வைத்து எழுதிய பழைய கைடுகளை நம்ப வேண்டாம்.

● அதிகம் தடுக்குகிற இடம் இது. பெஸ்ட் பிஃபோர் தரத்தைச் சொல்கிறது: அந்த நாளுக்குப் பின் மணமும் மொறுமொறுப்பும் குறையலாம், ஆனால் பொருள் சாப்பிடத் தக்கதாகவே இருக்கலாம். காலாவதித் தேதி பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்கிறது. தாண்டினால் விற்கக் கூடாது. விற்ற கடைக்காரரும் சப்ளை செய்த விநியோகஸ்தரும் பொறுப்பு: பிரிவு 27.

● இரண்டு விளக்கங்களிலும் ‘குறிப்பிட்டபடி சேமித்து வைத்தால்’ என்ற நிபந்தனை உண்டு. படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிடும் மளிகைக் கடையில் தோசை மாவு பாக்கெட்டைப் பாருங்கள்: தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும், உள்ளே மாவு பொங்கி பாக்கெட் பலூனாக உப்பி நிற்கும். வெயில் ஏறும்வரை வாசல் பையில் கிடந்த ஆவின் பாலுக்கும் இதே கதிதான்.

● எழுதும் முறை: 3 மாதம் வரை தாங்கும் பொருளுக்கு நாள், மாதம், ஆண்டு. அதற்கு மேல் தாங்கினால் மாதமும் ஆண்டும் போதும். பால் பாக்கெட்டையும் ஈரோட்டு மஞ்சள்தூள் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறக்காது.

● உதிரியாக விற்கும் இனிப்பு: 1 அக்டோபர் 2020 முதல் கடையில் பெஸ்ட் பிஃபோர் தேதியை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், தயாரித்த தேதி கடைக்காரர் விருப்பம். 1948இல் கோவையில் தொடங்கி மைசூர்பாவுக்குப் பேர்போன ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸுக்கும் அதே விதி, தெருமுனை பேக்கரிக்கும் அதே விதி. வழிகாட்டிக் குறிப்பில்: கலாகந்த் அன்றைக்கே, ரசகுல்லா, ரசமலாய் 2 நாள், கடலைமாவு லட்டு 30 நாள் வரை.

● காலாவதித் தேதி தேவையில்லாதவை: உரிக்காத, வெட்டாத காய்கனி, வினிகர், சர்க்கரை, சூயிங் கம், ஒயின், 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள மது.

● உலக அளவில்: கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்ற உணவுத் தர விதிகளின் தொகுப்பு, 1963 (எஃப்ஏஓ, உலக சுகாதார நிறுவனம்). உணவுப் பாதுகாப்பு தினம்: ஜூன் 7.

● ஆன்லைன் டெலிவரி: கையில் சேரும்போது ஆயுளில் 30 சதவீதம் அல்லது 45 நாள் மிச்சமிருக்க வேண்டும் என்று நவம்பர் 2024இல் ஆணையம் நிறுவனங்களிடம் சொன்னது. இது 2006 சட்டத்தின் பிரிவு என்று ஒரு விடை கொடுத்திருந்தால் அது தவறு.