வெயிலில் மக்கர் செய்கிறதா பழைய கார்?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகள் உச்சிவெயிலில் திணறி நின்றால்:

1. நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டில் ஆவியான பெட்ரோல் குழாயை அடைத்திருந்தால், குளிர்ந்ததும் சரியாகிவிடும்.

2. டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

3. பெட்ரோல் வாடை அடித்தால் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். விட்டுவிட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் இறங்கும்.

4. வாடை இல்லையென்றால் பெட்ரோல் பம்ப் மீது ஈரத்துணி சுற்றுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் ஆவியடைப்புதான். டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படக்கூடாது. பட்டால் ஸ்பார்க் போய்விடும்.

5. அப்படியும் எடுக்காவிட்டால் ஸ்பார்க்கைச் சோதியுங்கள். சூட்டில் இக்னிஷன் காயிலும் மக்கர் செய்யும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன்பே இதை முடியுங்கள். பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

6. எஞ்சின் நன்றாக ஆறியபின், காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் சொட்டுச்சொட்டாக வந்தால் ஃபில்டரையும் பம்ப் டயாஃப்ரத்தையும் பாருங்கள்; பீறிட்டு வந்தால் கோளாறு கார்புரேட்டரில்.

7. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசும் பெட்ரோல் குழாயைத் தள்ளிக் கட்டுங்கள். சூடு ஏறும் வழியே அதுதான்.