ஓதம் இருமுறை ஏறுவதேன்?

கடல்நீர் கரைமேல் ஏறுதலும் பின்வாங்குதலும் ஓதம் எனப்படும். சந்திரன் நீரை இழுப்பதே இதன் காரணம் என நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். அங்ஙனமாயின் சந்திரனை நோக்கிய பக்கத்தில் மட்டுமன்றோ நீர் உயர்தல் வேண்டும்? பெரும்பாலான கரைகளில் 24 மணி 50 நிமிஷத்திற்குள் இருமுறை ஓதம் ஏறுவது எவ்வாறு?

1687-இல் நியூட்டன் இதற்கு வழிகாட்டினார். ஓதத்தை எழுப்புவது இழுப்பின் வேறுபாடு. சந்திரனுக்கு அண்மையிலுள்ள நீர் பூமியின் நடுவிடத்தினும் மிகுதியாக இழுக்கப்பட்டு முந்துகின்றது. மறுபுறத்து நீரோ நடுவிடத்தினும் குறைவாக இழுக்கப்பட்டுப் பின்தங்குகின்றது. ஆதலின் இருபுறமும் நீர் உயர்கின்றது. பூமி சுழலுங்கால் கரை இரண்டையும் சந்திக்கின்றது. அதற்குள் சந்திரனும் தன் வழியில் முன்னேறுதலின் அந்த 50 நிமிஷம் மிகுகின்றது.

சூரியன் சந்திரனினும் ஏறத்தாழ 2.7 கோடி மடங்கு பொருண்மை உடையது. தொலைவோ 390 மடங்கு. தொலைவு இருமடங்காயின் இவ்வேறுபாடு எட்டிலொன்றாகும். ஆதலின் சூரியனது ஓதம் சந்திரனது ஓதத்திற் பாதிக்கும் குறைவே. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவ்விரண்டும் ஒன்றுகூடக் கடல் மிகப் பெருகும்.

“சந்திரன் இழுக்கிறது” என்பது பொய்யன்று, ஆயினும் அவ்வளவில் நின்றுவிடின் நாம் அறிந்தது ஓர் ஓதத்தையே, மற்றையது விளங்காது.