பழுது பார்க்கும்போது ஃபர்ம்வேரை மாற்றலாமா?

(முன்னாள் மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



பேரவை மலருக்கு ஒரு பாடக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதை நம் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். ஆகவே நான் தப்பு செய்து கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை எழுதுகிறேன்.

2019 நவம்பர் மாதம். கோவையில் ஒரு அலுவலகத்தில் நெட்வொர்க் டெக்னீஷியனாக இருந்தேன். 17 ஐ.பி. போன்கள், 6 கேமராக்கள், ஒரு வை-ஃபை பெட்டி. இவை அத்தனையும் 24 போர்ட் உள்ள ஒரே சுவிட்சில் இணைந்திருந்தன. ரிசப்ஷனில் இருந்த அக்காவின் போன் மட்டும் பேச்சின் நடுவில் துண்டித்துப் போகிறது என்று புகார். வாடிக்கையாளர்கள், "பாதியில வெச்சுட்டாங்க" என்று மேனேஜரிடம் சொல்ல, அவர் அக்காவுக்கு மெமோ கொடுத்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்ற நிலைமை.

அக்கா என்னிடம் வந்து, "தம்பி, நானா கட் பண்றதில்லீங்க. போனே அணைஞ்சு போயி, தானா திரும்ப வருதுங்க. எத்தனை மணிக்குன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், பாருங்க" என்றார்.

நான் அந்த நோட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. "சுவிட்சோட ஃபர்ம்வேர் பழசுக்கா. புதுசு போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது ஏன் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

சுவிட்ச் செய்யும் இரண்டு வேலைகள்

பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். ஐ.பி. போனுக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் சுவிட்ச் செய்கிறது. டேட்டா போகும் அதே கேபிளில் மின்சாரமும் போகும். இதற்கு பி.ஓ.இ. என்று பெயர். 2003-ல் வந்த 802.3ஏ.எஃப் தர அளவுப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். கேபிளில் வீணாவது போக, கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும். ஆனால் எல்லா போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் முழு அளவு தரும் திறன் பல சுவிட்சுகளுக்குக் கிடையாது. மொத்தத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு.

இரண்டாவது வேலை, போன்களையும் கம்ப்யூட்டர்களையும் வி-லேன் மூலம் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது. கேபிள் ஒன்றுதான், உள்ளே பாதை இரண்டு. இந்தப் பிரிவினை எல்லாம் சுவிட்சின் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பு சுவிட்சில் இரண்டு இடத்தில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒன்று, இப்போது ஓடிக்கொண்டிருப்பது. மற்றொன்று, சேமித்து வைத்தது. சேமிக்காமல் விட்ட மாற்றம், சுவிட்ச் அணைந்து எழுந்தால் காணாமல் போகும்.

ஃபர்ம்வேர் என்பது சுவிட்சின் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருந்து, இந்த வேலைகளை எல்லாம் நடத்தும் மென்பொருள். புதியதை ஏற்றியபின் சுவிட்சை ஒரு முறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அன்று இரவு நான் செய்தது

எல்லோரும் வீட்டுக்குப் போனபின் புது ஃபர்ம்வேரை ஏற்றினேன். சுவிட்ச் நல்லபடியாக எழுந்தது. பெருமையாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு 17 போன்களும் ஊமை! எனக்கு முன்பு இருந்தவர் போட்ட வாய்ஸ் வி-லேன் அமைப்பு சேமிக்கப்படாமலே பல மாதங்கள் ஓடியிருக்கிறது. மறுதொடக்கத்தில் அது அழிந்துவிட்டது. போன்கள் கம்ப்யூட்டர் பக்கத்து வலையில் எழுந்து, எக்ஸ்சேஞ்சைக் காணாமல் தவித்தன. என்னிடம் நகல் இல்லை. கேபிள் லேபிளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு போர்ட்டாகத் திரும்ப எழுதி முடிக்க பதினொரு மணி ஆகிவிட்டது.

அது போகட்டும். அன்று மாலையே அக்காவின் போன் மறுபடியும் அணைந்தது. சுவிட்சின் பதிவுகளைப் பார்க்கலாம் என்று போனால், முந்தின நாள்வரை இருந்ததெல்லாம் காலி. எங்கள் சுவிட்சில் அந்தப் பதிவு தற்காலிக நினைவகத்தில்தான் இருந்தது. அக்கா குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய சாட்சியை என் கையாலேயே அழித்திருந்தேன்.

நோட்டு சொன்ன உண்மை

மிச்சம் இருந்தது அந்த நோட்டு மட்டும்தான். வெட்கத்தோடு போய்க் கேட்டு வாங்கினேன். மொத்தம் 11 தடவை. அதில் பத்து, மாலை ஆறு மணிக்கு மேல். ஒன்று மட்டும் பகல் 4.10. அதன் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தார்: "நல்ல மழை, இருட்டு. லைட் போட்டோம்."

இருட்டினால் என்ன மாறும்? யோசித்தபோது கேமரா ஞாபகம் வந்தது. இருட்டியதும் கேமராக்கள் அகச்சிவப்பு விளக்கைப் போடும். மின்சாரம் கூடுதலாக எடுக்கும். ஆறு மணிக்கு சுவிட்ச் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

பகலில்: போன்கள் 68 வாட், கேமராக்கள் 30, வை-ஃபை 10. மொத்தம் 108.
இருட்டியபின்: கேமராக்கள் மட்டும் 54. மொத்தம் 132.

சுவிட்சின் வரம்பு 135 வாட். நாலைந்து பேர் சேர்ந்து பேசினால் வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால், முன்னுரிமை எதுவும் குறிக்காதபோது எங்கள் சுவிட்ச் கடைசி எண் போர்ட்டை முதலில் அணைக்கும். 24-ஆம் போர்ட்டில் இருந்தது அக்காவின் போன். சுமை குறைந்ததும் திரும்ப மின்சாரம் கொடுக்கும். அக்கா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

இரண்டு கேமராக்களுக்குத் தனி பவர் அடாப்டர் கொடுத்தேன். 18 வாட் குறைந்தது. அக்காவின் போர்ட்டுக்கு உயர்ந்த முன்னுரிமை குறித்து, மறக்காமல் சேமித்தேன். பிறகு நோட்டையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய், என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். திட்டு விழுந்தது. ஆனால் மெமோ வாபஸ் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. முதலில் அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள். போனே அணைந்து எழுந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். குரல் விட்டு விட்டு வந்தால் பாக்கெட் இழப்பு, நெரிசல். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் ஃபயர்வால், ரௌட்டர் பக்கம் தேடுங்கள்.

2. உபயோகிப்பவர் சொல்வதை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பதிவுகளை வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்து வையுங்கள்.

3. புது ஃபர்ம்வேரின் வெளியீட்டுக் குறிப்பை வாசியுங்கள். உங்கள் பழுது அதில் பெயர் சொல்லி இருந்தால் ஏற்றுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கும் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அதைப் பழுது தீர்ந்தபின் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஏற்றும் முன் ஓடும் அமைப்பைச் சேமித்து, நகலும் எடுங்கள். பழைய ஃபர்ம்வேர் கோப்பும், கன்சோல் கேபிளும் கையில் இருக்கட்டும்.

5. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண், தயாரிப்பாளர் தந்த எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். ஏற்றும்போது சுவிட்ச் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். எழுதும் நடுவில் கரண்ட் போனால் சுவிட்சே எழாமல் போகலாம்.

6. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

நண்பர்களே, ஃபர்ம்வேர் ஏற்றுவது மருந்து கொடுப்பது மாதிரி. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. நம் வேலையின் மறு முனையில் ஒருவருடைய சம்பளம், ஒருவருடைய மானம் இருக்கிறது. நாளை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது ஒரு நோட்டை நீட்டினால், தயவுசெய்து வாங்கிப் பாருங்கள்.

அனைவருக்கும் என் வாழ்த்துக்கள். வளர்க நம் மாணவர் பேரவை!