பூட்டியதைக் கார் அறிவிக்கும் முறை

சாவியைத் துளையிலிட்டுத் திருப்பிப் பூட்டுகிறவருக்குப் பூட்டு விழுந்ததா என்ற ஐயம் எழுவதில்லை. தாழ் சென்று பொருந்தும் ஓசையைக் காது கேட்கிறது. அதன் அழுத்தத்தை விரல் உணர்கிறது. ஆணையிடும் கையும் ஆணை நிறைவேறும் இடமும் ஒன்றாகவே இருப்பதால் தனியே ஓர் அறிவிப்பு வேண்டியதில்லை. பத்து மீட்டர் தொலைவில் நின்று பொத்தானை அழுத்திக் காரைப் பூட்டும்போது நிலைமை வேறு. கையிலுள்ள சாவிக்கும் கதவிலுள்ள பூட்டுக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படும் இணைப்பு எதுவும் இல்லை. ஆகவே, வேலை முடிந்ததைக் காரே நமக்குத் தெரிவிக்க வேண்டியதாகிறது. அது எவ்வாறு தெரிவிக்கிறது, அந்த அறிவிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இது வெறும் வேடிக்கைக்கான ஆராய்ச்சி அன்று. தசரா நாள்களில் மைசூரு அரண்மனையைச் சுற்றிலும் கார்கள் நெருக்கமாக நிற்கும் மாலை வேளையை எண்ணிப் பாருங்கள். அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்விளக்குகள் ஒளிர்கின்றன. ஒருவர் காரைவிட்டு இறங்கி நடந்துகொண்டே பொத்தானை அழுத்துகிறார். எங்கிருந்தோ 'கீச்' என்று ஓர் ஒலி கேட்கிறது. திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். ஒலித்தது அவருடைய கார்தானா? அடுத்த வரிசையில் வேறொருவர் தம் காரைப் பூட்டிய ஒலியாகவும் அது இருக்கலாம். களப்பணியாளர்களின் வண்டிகளில் அளவைக் கருவிகளும், மருந்துப் பெட்டிகளும், பதிவேடுகளும் இருப்பது வழக்கம். அவற்றைப் பிறரிடமிருந்து காப்பது அந்த ஒரு நொடி அறிவிப்பைச் சரியாகப் படிப்பதைப் பொறுத்திருக்கிறது.

தொலைவிலிருந்து பூட்டும் முறை பிரான்சு நாட்டில் 1982-ஆம் ஆண்டில் ரெனோ நிறுவனத்தின் ஃபுயேகோ என்னும் காரில் வழக்கிற்கு வந்தது. அதை அமைத்தவர் பால் லிப்ஷூட்ஸ் என்பவர். அவருடைய பெயரின் எழுத்துகளைக் கொண்டே அச்சாவிக்குப் 'பிளிப்' என்ற பெயர் ஏற்பட்டது. அது அகச்சிவப்புக் கதிர்களால் இயங்கியது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செய்வதுபோலக் காரை நோக்கிக் குறிபார்த்தே அழுத்த வேண்டும். பின்னர் வானொலி அலைகள் அதன் இடத்தைப் பிடித்தன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான ரிமோட் சாவிகள் 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகின்றன. அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ் மிகுதியாக வழங்குகிறது. ஒளியின் வேகத்தை இந்த அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் என்று கிடைக்கும். இதை மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். நல்ல ஏரியல் இதன் கால் பங்கு, அதாவது 17 சென்டிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் சாவியில் அதற்கு இடமேது? அதனால்தான் சாவியின் குரல் மெலிந்தே இருக்கிறது.

பொத்தானை அழுத்தியதும் நிகழ்பவை யாவை? முதலில் சாவியிலுள்ள சிறு விளக்கு மின்னுகிறது. சாவி ஓர் எண்தொடரை அலைவழியே அனுப்புகிறது. காரிலுள்ள வாங்கி அந்த எண் தன்னுடைய சாவியின் எண்தானா என்று சரிபார்க்கிறது. சரியென்றால் கட்டுப்பாட்டுக் கருவி கதவுகளுக்குள் இருக்கும் சிறு மோட்டார்களுக்கு மின்சாரம் செலுத்துகிறது. அவை பற்சக்கரங்களைச் சுழற்றித் தாழைத் தள்ளுகின்றன. பின்பு திசைகாட்டி விளக்குகள் நான்கும் ஒருங்கே மின்னி அணைகின்றன. சில கார்களில் ஒலியும் எழும்.

இங்கு நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவியிலுள்ள விளக்கு எரிவதற்கும் கார் பூட்டுவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மின்கலத்தில் உயிர் இருக்கிறது, பொத்தான் அழுந்தியது என்பவற்றைத் தவிர அது வேறெதையும் கூறுவதில்லை. வழக்கமான சாவி பேச மட்டுமே வல்லது. காரின் விடையைக் கேட்கும் செவி அதற்கு இல்லை. எனவே கார் காட்டும் மின்னல் ஒன்றே விடை. அந்த மின்னலிலும் இரண்டு தரம் உண்டு. ஆணை வந்து சேர்ந்தது என்ற அளவில் மின்னும் கார்களும் உண்டு. கதவுகள் முழுதும் சாத்தியிருப்பதையும் தாழ் உரிய இடத்தை அடைந்ததையும் சிறு மின்விசைகளால் அறிந்துகொண்ட பின்னரே மின்னும் கார்களும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னது 'கேட்டேன்' என்கிறது. பின்னது 'செய்தேன்' என்கிறது.

இவ்வேறுபாடு புதியதன்று. இரயில் பாதைத் துறையினர் நெடுங்காலத்துக்கு முன்பே இதனை உணர்ந்தனர். மைசூரு இரயில் நிலையத்தை அடுத்து 1979-இல் தொடங்கப்பெற்ற இரயில் அருங்காட்சியகத்தில் பழைய கைகாட்டிகளையும் விளக்குகளையும் காணலாம். மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதை எடுத்துரைப்பது நன்று. அறையிலிருந்து நெம்புகோலை இழுப்பவர் தொலைவில் தண்டவாளம் பிரியுமிடத்திலுள்ள நகரும் முனைகளைக் கண்ணால் காண்பதில்லை. நெம்புகோல் முழுதும் வந்துவிட்டாலும் இடையில் கம்பி அறுந்திருக்கலாம். முனைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கல் சிக்கியிருக்கலாம். ஆகவே கைகாட்டியையும் முனைகளையும் ஒன்றோடொன்று பிணைத்தனர். இத்தகைய பிணைப்புக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த அமைப்புகளில், முனை உரிய இடத்தில் பொருந்தியிருந்தாலன்றிக் கைகாட்டியை இறக்கவே இயலாதபடி, முனையின் அருகிலேயே தடைத்தகடு வைக்கப்பட்டது. கை செய்த வேலையைக் கை அறிவிப்பதில்லை, முனையே அறிவிக்கிறது. உயிர்களைச் சுமக்கும் துறை ஆதலால் அங்கு 'கேட்டேன்' என்ற விடை போதவில்லை.

உங்கள் கார் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிவது எளிது. ஒரு கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டு, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பின்கதவு ஒன்றைச் சரியாகச் சாத்தாமல் விட்டுப் பொத்தானை அழுத்துங்கள். சில கார்கள் சில நொடிகள் விடாது ஒலித்து முறையிடும். சில, விளக்கைக் காட்டாமல் மௌனமாக இருந்துவிடும். வழக்கம்போல் மின்னிவிடும் காரை உடையவர், புறப்படுமுன் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதே தக்கது. பின்கதவுக்குச் செய்ததைப் பொருள் வைக்கும் அறையின் கதவுக்கும் செய்து பார்க்க வேண்டும். அதற்கு விடை வேறாக இருப்பதுண்டு.

மின்னலின் எண்ணிக்கையிலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான மரபு இல்லை. நம் நாட்டில் ஓடும் மாருதி சுசுகி, ஹூண்டாய் கார்களில் பூட்டும்போது ஒருமுறையும், திறக்கும்போது இருமுறையும் மின்னுவது வழக்கம். மெர்சிடிஸ் பென்ஸ் கார்களிலோ திறக்கும்போது ஒருமுறை, பூட்டும்போது மும்முறை! அலுவலக வண்டி மாறும்போது பழைய பழக்கத்தைக் கொண்டு புதிய வண்டியைப் படிப்பது தவறாக முடியும். கைப்புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும். மேலும், மின்னல் என்பது ஒரு நிகழ்ச்சி. அது முடிந்தபின் தடயம் இல்லை. பூட்டியவுடன் பக்கக் கண்ணாடிகள் மடங்கும் கார்களில் அந்த மடிப்பு ஒரு நிலை. ஒரு மணி கழித்து வந்து பார்த்தாலும் அது சான்று கூறும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே விட்டுவிட்டு ஒளிரும் சிறு சிவப்பு விளக்கும் அத்தகையதே. என் கருத்தில் மடங்கும் கண்ணாடியே பல நடைகள் தள்ளி நிற்பவருக்கும் ஐயமறத் தெரியும் அறிகுறி. ஆயினும் அது எல்லாக் கார்களிலும் இல்லை.

ஒலியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். மனிதச் செவி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மிகக் கூர்மையாகக் கேட்கிறது. சிறு ஒலிப்பான்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் ஒலிப்பதால், சிறிய ஆற்றலில் எழும் 'கீச்' ஒலியும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கேட்பது வேறு, திசையறிவது வேறு. ஸ்டீவன்ஸ், நியூமன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1936-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய தனிச்சுர ஒலிகளின் திசையைக் கூறுவதிலேயே மக்கள் மிகுதியாகப் பிழை செய்வதைக் கண்டனர். நெருங்கி நிற்கும் கார்களிடையே அயலார் காரின் ஒலியை நம்முடையதென்று எண்ணுவது கவனக்குறைவு மட்டுமன்று. செவியின் இயல்பும் அதற்குத் துணைபோகிறது. முதுமையில் உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் முதலில் குறைகிறது. கேட்புத்திறன் குன்றியவர்களுக்கு ஒளி அறிகுறியே துணை. மைசூருவில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகம் ஆராயும் துறை இதுவே.

ஒலிப்பான் இல்லாமல் ஊதுகுழலையே பயன்படுத்தும் கார்களும் உள. ஒலி மாசு விதிகள், 2000, அமைதி மண்டலங்களில் ஊதுகுழலை ஒலிப்பதைத் தடை செய்கின்றன; குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும் தடை உண்டு. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகலாம். பள்ளி வாயிலில் காரை நிறுத்தும் ஆசிரியர் விளக்கின் மின்னலோடு அமைவதே முறை.

இனி, கார் விடையே கூறாத நிலை. அதே அதிர்வெண்ணில் வேறொரு கருவி உரக்கப் பேசிக்கொண்டிருந்தால் சாவியின் மெல்லிய குரல் காருக்குக் கேளாது. திருடர்கள் இதற்கென்றே ஜாமர் கருவியைப் பயன்படுத்துவதுண்டு. தனியார் அதனைக் கையாள்வது நம் நாட்டில் சட்டத்திற்குப் புறம்பானது. சாவி ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை அனுப்புவதால் பழைய எண்ணைப் படியெடுத்துத் திறக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் எண் போய்ச்சேராமல் தடுப்பதற்கு அது மாற்றாகாது. 2015-இல் சாமி கம்கார் என்னும் அமெரிக்கர் செய்து காட்டிய கருவி இன்னும் ஒரு படி மேலே சென்றது. முதல் அழுத்தத்தைத் தடுத்து அதன் எண்ணைப் பதித்துக்கொண்டது. இரண்டாம் அழுத்தத்தையும் தடுத்துப் பதித்தது. உடனே முதல் எண்ணை அனுப்பிக் காரைப் பூட்டிற்று. உடையவர் மனநிறைவோடு செல்ல, பயன்படுத்தப்படாத ஓர் எண் அக்கருவியில் தங்கிவிட்டது. ஆகவே நல்ல மின்கலத்தோடு அருகில் நின்று அழுத்தியும் முதல்முறை விடை வாராதிருந்தால், அதையும் ஓர் அறிகுறியாகக் கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பது நல்லது. விலையுயர்ந்த பொருளிருப்பின் வண்டியை வேறிடத்தில் நிறுத்தலாம்.

இந்த அறிவிப்பு எதைக் கூறுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே உறங்கும் குழந்தையைப் பற்றிப் பெரும்பாலான கார்களின் மின்னலுக்கு எதுவும் தெரியாது. வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். அதில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறது. பின்னிருக்கையைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானைத் தொட வேண்டும்.

வகுப்பில் செய்வதற்கு ஒரு சோதனை. திறந்த மைதானத்தில் காரை நிறுத்தி, சாவி எவ்வளவு தொலைவு வரை விடை பெறுகிறது என்று அளந்துகொள்க. பின்னர் சாவியை மோவாயில் ஒட்டி வைத்து அழுத்துக. பல சாவிகளுக்குச் சில மீட்டர்கள் கூடுதலாகக் கிடைக்கும். நீர் நிறைந்த தலை, குறைந்த ஏரியலுக்குத் துணையாக அலையைப் பரப்புகிறது. நீர் நிரப்பிய பாட்டிலைக் கொண்டும் இதைச் செய்து ஒப்பிடலாம். தொலைவு நாளடைவில் குறைந்துவந்தால் 3 வோல்ட் மின்கலம் தளர்கிறது என்பது பொருள். அது அடியோடு ஓய்ந்தால் சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டலாம். அவ்வாறு பூட்டும்போது சில கார்கள் விளக்கைக் காட்டுவதே இல்லை.