ஒரு மணி நேர வானொலி

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நானும் அம்மாவும் மெல்பர்ன் நகரிலுள்ள மாமாவின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். மாமா ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது மெல்பர்னில் பேருந்துப் பணிமனை ஒன்றில் பழுதுபார்ப்பவராக வேலை செய்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை அவருடைய கைகளில் எண்ணெய்க்கறை இருக்கும். சனிக்கிழமை வந்துவிட்டால் அவர் வேறு மனிதராகிவிடுவார். காலை 10 மணி முதல் 11 மணி வரை, ஒரு சமூக வானொலியில் தமிழ்ப்பாடல் நிகழ்ச்சியைப் படைப்பார்.

“மாமா, இந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம்?” என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். “சம்பளமா? ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணத்தை நான்தான் நிலையத்திற்குச் செலுத்துகிறேன். இது என் பொழுதுபோக்கு அம்மா. சிலர் மீன்பிடிக்கப் போவார்கள். சிலர் தோட்டம் போடுவார்கள். நான் பாட்டுப் போடுகிறேன்.”

ஆஸ்திரேலியாவில் இத்தகைய சமூக வானொலி நிலையங்கள் 400-க்கும் மேல் உள்ளன என்று மாமா விளக்கினார். அவை இலாப நோக்கமற்றவை. அறிவிப்பாளர்களில் பெரும்பாலோர் தொண்டூழியர்கள். வணிக விளம்பரங்களை ஒலிபரப்ப அவற்றுக்கு அனுமதியில்லை. ஆதரவாளர்களைப் பற்றிய அறிவிப்புகளை மட்டும் மணிக்கு 5 நிமிடங்கள் வரை ஒலிபரப்பலாம். சிட்னி நகரின் இசை ஆர்வலர்கள் ஒன்றுகூடி உருவாக்கிய 2எம்பிஎஸ் என்னும் பண்பலை நிலையம் 1974 டிசம்பர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மெல்பர்னில் 3இசட்இசட்இசட் என்னும் நிலையம் 1989 முதல் பல இன மக்களின் மொழிகளில் ஒலிபரப்பி வருகிறது.

“நம் நாட்டில் இப்படித் தொடங்கியதில்லையே, மாமா?” என்றேன்.

“நம் நாட்டிலும் வானொலி ஆர்வலர்களால்தான் தொடங்கியது” என்றார் மாமா. “1921-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசின் மின்பொறியாளராக இருந்த பிர்ச் என்பவர் மலாயாவிற்கு ஒரு வானொலிக் கருவியைக் கொண்டு வந்தார். பிறகு ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து ஒலிபரப்பும் செய்தார். 1946-இல்தான் ‘ரேடியோ மலாயா’ உருவானது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஆர்வலர்கள் அலைகளோடு விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.”

புதன்கிழமை இரவு, மாமா உணவு மேசையில் ஒரு தாளை விரித்து அமர்ந்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சியை அவர் எப்படிப் பங்கிடுகிறார் என்பதைக் காட்டினார். பத்துப் பாடல்களுக்கு 42 நிமிடங்கள். அவருடைய பேச்சுக்கு 12 நிமிடங்கள். நிலைய அறிவிப்புகளுக்கு 4 நிமிடங்கள். மீதமுள்ள 2 நிமிடங்களை அவர் எதற்கும் ஒதுக்கவில்லை.

“அது எதற்கு?” என்று கேட்டேன்.

“எதிர்பாராதது ஏதேனும் நடந்தால் அதற்கு” என்றார்.

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு அவர் வாரந்தோறும் ஐந்து மணி நேரமாவது உழைக்கிறார். முதலில் அந்த வாரத்திற்கான கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். அதற்கேற்ற பாடல்களைத் தொகுக்கிறார். வேகமான பாடலுக்குப் பிறகு மெல்லிசை, ஆண்குரலுக்குப் பிறகு பெண்குரல் என்று வரிசைப்படுத்துகிறார். ஒவ்வொரு பாடலுக்கும் திரைப்படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் ஆகிய விவரங்களைக் குறித்துக்கொள்கிறார். ஒலிபரப்பிய பாடல்களின் பட்டியலை நிலையத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். ஏனெனில், பாடல்களைப் பயன்படுத்துவதற்கு நிலையம் உரிமக் கட்டணம் செலுத்துகிறது.

அந்த வாரத்தின் கருப்பொருள் ‘திரையிசையில் நாதஸ்வரம்’. “நான்கு பாடல்களுக்கு நீ குறிப்பு எழுதித் தருகிறாயா? கடைசிப் பாடலை நீயே ஒலிவாங்கியில் அறிமுகப்படுத்தலாம்” என்றார் மாமா. நான் துள்ளிக் குதித்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு வெகுநேரம் கண்விழித்துக் குறிப்புகளை எழுதினேன். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ‘சிங்காரவேலனே தேவா’ பாடலைப் பற்றி ஆர்வத்தோடு படித்தேன். எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில், ஆபேரி இராகத்தில் அமைந்த பாடல் அது. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் அதில் போட்டி போடும். அடுத்து, 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ‘நலந்தானா’ பாடல். கே. வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் பாடல், பி. சுசீலா குரல் என்று எழுதினேன். நாதஸ்வரம் வாசித்தவர் யார்? கண்கள் சொக்கின. முதல் பாடலுக்கு வாசித்தவரே இதற்கும் வாசித்திருப்பார் என்று எண்ணி, ‘காருகுறிச்சி அருணாசலம்’ என்றே எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை காரில் ஏறியதும் மாமா கேட்டார்: “எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் சரிபார்த்தாயா?”

“பார்த்தேன், மாமா” என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து எளிதாக வந்துவிட்டது.

நிலையம் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடம் எங்கள் வீட்டுச் சமையலறையைவிடச் சிறியது. சுவர்களில் எதிரொலியைத் தடுக்கும் பஞ்சுப்பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. மேசைமேல் ஒலிவாங்கிகளும் ஒலிக்கலவைக் கருவியும் இரண்டு கணினித் திரைகளும் இருந்தன. கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. “அது எரிந்தால் ஒலிவாங்கி திறந்திருக்கிறது என்று பொருள். நாற்காலியின் கிரீச்சொலிகூட வீடு வீடாகப் போய்விடும்” என்று மாமா எச்சரித்தார்.

அவர் எனக்குச் சில நுணுக்கங்களைக் கற்றுத் தந்தார். ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி அமர வேண்டும். தாளைத் திருப்பும்போது சலசலப்பு எழக்கூடாது. ஒலியளவு காட்டும் முள் சிவப்புப் பகுதிக்குள் போகக்கூடாது. எல்லாவற்றையும்விட, ஒலிபரப்பில் சில வினாடிகளுக்கு மேல் மௌனம் நிலவக்கூடாது. வானொலி பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கேட்பவர்கள் வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவார்கள்.

“ஆயிரம் பேரிடம் பேசுவதாக நினைக்காதே” என்றார் மாமா. “ஒருவரிடம் பேசு. நான் எப்போதும் என் அம்மாவிடம் பேசுவதாக நினைத்துக்கொள்வேன்.”

அது வெறும் கற்பனை இல்லை. ஈப்போவில் பாட்டி அந்த நிகழ்ச்சியை இணையம் வழியாகக் கேட்கிறார். மெல்பர்னில் காலை 10 மணி என்றால் டிசம்பரில் நம் நாட்டில் காலை 7 மணி. பாட்டி பசியாறும் நேரம் அது.

சரியாகப் பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. “அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்” என்று மாமா தொடங்கினார். வீட்டில் பேசும் குரல் அது இல்லை. ஆனால், போலியான குரலும் இல்லை. ழகரமும் ளகரமும் தெளிவாக ஒலித்தன. சொற்களுக்கிடையே அவசரமில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

மூன்றாவது பாடலாகச் ‘சிங்காரவேலனே தேவா’ ஒலித்தது. நான்காவதாக ‘நலந்தானா’. என் குறிப்பை மாமா அப்படியே வாசித்தார். பாடல் தொடங்கியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. சிறிது நேரத்தில் தொலைபேசியின் விளக்கு மினுக்கியது. மாமா ஒலிபெருக்கியில் போட்டார்.

“தம்பி, நிகழ்ச்சி நன்றாகப் போகிறது” என்றது ஒரு முதியவரின் குரல். “ஒரு சின்னத் திருத்தம். காருகுறிச்சியார் 1964-லேயே மறைந்துவிட்டார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும். என் அப்பா கோவிலில் நாதஸ்வரம் வாசித்தவர். அதனால் மனம் கேட்கவில்லை, அழைத்துவிட்டேன்.”

“மிக்க நன்றி, ஐயா. உடனே திருத்திவிடுகிறோம்” என்றார் மாமா.

என் முகம் சூடாகியது. கணினித் திரையில் பாடல் முடிய இரண்டு நிமிடங்கள் இருப்பதாகக் காட்டியது.

“மாமா... நான் சரிபார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொல்லிவிட்டேன்.”

மாமா என்னைத் திட்டவில்லை. முதலில், அழைத்தவர் சொன்ன விவரத்தைக் கணினியில் தேடிச் சரிபார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ எழுதினாய்; நான் வாசித்தேன். ஒலிபரப்பில் சொன்னது என் வாய். எனவே, பொறுப்பு எனக்கும் உண்டு. ஆனால், ஒன்றை யோசித்துப் பார். அந்தச் சகோதரர்கள் எத்தனை ஆண்டு பயிற்சி செய்து அப்படி வாசித்திருப்பார்கள்! அவர்களுடைய உழைப்பை நாம் ஒரு நொடியில் வேறொருவர் பெயரில் எழுதிவிட்டோம். வானொலியில் நாம் இசைக்கலைஞருக்குத் தரக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெயரைச் சரியாகச் சொல்வது.”

நான் தலைகுனிந்தேன்.

“திருத்தத்தை நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா? நீ சொல்லாவிட்டாலும் நான் வருந்தமாட்டேன்” என்றார் மாமா.

திரையில் 40 வினாடிகள் என்று காட்டியது. என் கைகள் சில்லிட்டன. “நானே சொல்கிறேன், மாமா” என்றேன்.

மாமா இரண்டாவது ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினார். நாதஸ்வர ஒலி மெல்லத் தேய்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே பாட்டி அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

“வணக்கம். சற்று முன் ஒலித்த பாடலுக்கு நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரையைச் சேர்ந்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாங்கள் வேறு பெயரைக் கூறிவிட்டோம். அந்தக் குறிப்பை எழுதியவள் நான். சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். அன்போடு திருத்திய நேயருக்கு நன்றி.”

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த 2 நிமிடங்கள் எதற்காக ஒதுக்கப்பட்டிருந்தன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசிப் பாடலை அறிமுகப்படுத்த வேண்டிய நேரம் வருவதற்குள், என் மற்றக் குறிப்புகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டேன். இம்முறை உண்மையாகவே இரண்டு இடங்களில்.

திரும்பும் வழியில் மாமாவிடம் கேட்டேன்: “ஐந்து நாள் உழைத்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் இவ்வளவு சிரமம் ஏன், மாமா?”

மாமா சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இங்கு வந்த முதல் ஆண்டு, குளிர்காலம். இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒருநாள் வாடகை அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். வானொலியைத் திருகியபோது திடீரென்று தமிழ் கேட்டது. யாரோ ஓர் அம்மையார் பழைய பாடல் ஒன்றை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். அவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவரும் என்னைப்போல் சம்பளம் வாங்காதவராகத்தான் இருந்திருப்பார். இன்று எந்த அறையில் யார் தனியாக இருக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்?”

அதன்பின் நாங்கள் இருவரும் பேசவில்லை.

வீட்டை அடைந்ததும் அம்மாவின் கைப்பேசியில் பாட்டி அனுப்பிய குரல்செய்தி காத்திருந்தது. “என் பேத்தி பேசியதைக் கேட்டேன். ‘மதுரை’ என்று சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனாலும், நிறுத்தாமல் சொல்லி முடித்தாளே! அது போதும். அடுத்த வாரமும் பேசச் சொல்.”

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், தமிழ்மொழிக் கழக ஆசிரியரைச் சந்தித்தேன். வாரம் ஒருமுறை ஓய்வு நேரத்தில், பள்ளி ஒலிபெருக்கியில் பத்து நிமிட இசை நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டேன். ஆசிரியர் இசைந்தார். இப்போது நாங்கள் மூவர் அதைப் படைக்கிறோம். ஒருவர் பாடலைத் தேர்ந்தெடுக்கிறார், ஒருவர் பேசுகிறார். குறிப்பு எழுதும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் இரண்டு சிறு கோடுகள் போடுகிறேன். இரண்டு கோடுகளும் விழுந்த பிறகே அந்தத் தாள் என் தோழியின் கைக்குப் போகிறது.

சிந்திப்போம்

1. மாமா தம் நிகழ்ச்சியில் 2 நிமிடங்களை ஒதுக்கி வைத்ததன் நோக்கம் என்ன? அது எவ்வாறு பயன்பட்டது?

2. திருத்தத்தைத் தானே கூற மாணவி முடிவெடுத்தது சரியா? காரணங்களுடன் உம் கருத்தை எழுதுக.

3. உம் பள்ளியில் பத்து நிமிட இசை நிகழ்ச்சியை நடத்த வாய்ப்புக் கிடைத்தால், எந்தக் கருப்பொருளைத் தேர்ந்தெடுப்பீர்? நேரத்தை எவ்வாறு பங்கிடுவீர்? திட்டமிட்டு எழுதுக.