பஞ்சரத்னம் கூடிப் பாடியது எப்போது?

தை மாதம் சம்பா அறுவடையோடு தியாகராஜ ஆராதனையும் வந்துவிட்டால் காவிரிக் கரையெங்கும் ஒரே கதை. தியாகராஜ சுவாமி தம் சீடர்களை இரண்டு வரிசையாக உட்காரவைத்து பஞ்சரத்னம் என்னும் ஐந்து கீர்த்தனைகளையும் ஒருமித்துப் பாடவைத்தாராம். அந்த வழக்கமே அறுபடாமல் இன்றும் திருவையாற்றில் நடக்கிறதாம். மேடையில் வரவேற்புரை சொல்பவர்கள் இதை ஒப்பிக்கிறார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களே பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். அதுதான் பொறுக்க முடியாதது.

தியாகராஜர் சீடர்களோடு பஜனை செய்தார், உஞ்சவிருத்திக்குப் போனார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆராதனையில் ஐந்து கீர்த்தனைகளையும் கோஷ்டியாகப் பாடும் முறைக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. அவர் மறைந்தது 1847-ல். ஆராதனை விழாவாக வளர்ந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வளர்ந்த வேகத்திலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளந்தது. இரண்டிலும் பெண்களுக்குப் பாட இடமில்லை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தை விற்றுத் தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். 1926-ல் குடமுழுக்கு நடந்தது. கட்டியவருக்கே அங்கே பாட உரிமையில்லை என்றபோது, பெண்களைக் கூட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் மூன்று தரப்பும் ஒன்றாயின. எல்லாரும் சமமாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடும் ஏற்பாடு அதற்குப் பின் வந்ததுதான். "ஆதிகாலத்து வழக்கம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாளின் போராட்டத்தை அழிக்கிறோம்.

வரலாறு வேண்டாம் என்பவர்கள் பாடாந்தரத்தையாவது பார்க்கட்டும். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் பரம்பரைகள் மூன்று. ஒரே கீர்த்தனைக்குச் சங்கதிகள் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. குருவின் காலம் தொட்டு ஆண்டுதோறும் ஒன்றாகப் பாடியிருந்தால் இந்த வேறுபாடு தேய்ந்து போயிருக்காதா? இன்று கோஷ்டியில் பொதுவான ஒரு பாடத்துக்கு எல்லாரும் இறங்கிவருகிறார்கள். தனித்தனிச் சங்கதிகள் அங்கே கேட்பதில்லை.

இன்னொரு கதை, கேரளப் பாடகர் ஷட்கால கோவிந்த மாரார் வந்து பாடியதைக் கேட்டு, பஞ்சரத்னத்தில் ஒன்றான "எந்தரோ மகானுபாவுலு" அந்த நொடியிலேயே பிறந்தது என்பது. இதே கதையின் வேறொரு வடிவில், சீடர்கள் ஏற்கெனவே பாடம் செய்திருந்ததை அன்று பாடினார்கள். ஸ்வரமும் சாகித்யமும் இழைந்து சரணம் சரணமாக விரியும் அந்தக் கட்டுமானத்தைப் பாடிப் பழகியவர்கள், அது ஒரு நொடியில் விளைந்தது என்று நம்பமாட்டார்கள்.

தியாகராஜர் உலகம் தெரியாமல் ராமனையே நினைத்து வாழ்ந்தவர் என்பதும் அரைகுறை. ஹைதர் அலியின் படை 1781-ல் தஞ்சைச் சீமையைச் சூறையாடியபோது அவருக்கு 14 வயது. 1799-ல் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமும். அந்தக் கோட்டைக்குள் மேனாட்டு வாத்தியங்களும் ஒலித்தன. தியாகராஜரின் குரு சொண்டி வேங்கடரமணய்யா அரண்மனை வித்வான். பஞ்சரத்னத்தின் ராகங்களான நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்தும் வீணைக்காரர்கள் தானம் வாசித்து வளர்த்த கன ராகங்கள். அரசவைச் சங்கீதத்தின் சாரத்தைத்தான் அவர் திருமஞ்சன வீதி வீட்டில் கீர்த்தனையாக்கினார். அவரைவிட மூன்று வயது இளையவரான பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனி 1824-ல் வியன்னாவில் அரங்கேறியபோது, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதிய தாள் இருந்தது. திருவையாற்றுச் சங்கீதம் சீடர்களின் தொண்டையையும் அவர்கள் எழுதிவைத்த சுவடிகளையும் நம்பியே பிழைத்தது.

அதனால்தான் வராளி விஷயத்தில் கோபம் வருகிறது. வராளியை நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடனுக்கும் பிரிவு வரும் என்ற பயத்தில் "கன கன ருசிரா"வைப் பலர் பாடம் சொல்வதே இல்லை. பிள்ளைகள் ஒலிப்பதிவைக் கேட்டு ஒப்பேற்றுகிறார்கள். வராளியின் காந்தாரத்தையும் மத்திமத்தையும் எதிரே உட்கார்ந்து திருத்த ஆள் இல்லாவிட்டால் எப்படிப் பிடிபடும்? தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடியில் பாட்டு வகுப்பு நடத்துபவர்கள் அடுத்த தைக்குள் இந்த ஒரு கீர்த்தனையை நேருக்கு நேர் பாடம் செய்துவிடவேண்டும். கோஷ்டியில் சேர்ந்து முழங்குவதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தனியாக ஒருமுறை பாடிக்காட்டட்டும்.